ஹெச்பிஏ1சி நார்மல் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பின் சுரப்புகள் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் கெடுக்கும் பரம்பரை நோய்) இருக்கும் பிள்ளைக்கு ஒரு சுகர் டெஸ்டை ஒழுங்காக எடுத்து முடிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ரிப்போர்ட் வந்து, இன்சுலினும் ஆரம்பித்தாகிவிட்டது. ஆனாலும் அந்த லேப் கவுண்டரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. க்ரியான் (சாப்பாடு செரிக்கக் கொடுக்கும் என்சைம் கேப்சூல்), நெபுலைசர், சளியை வெளியேற்றும் பிசியோ எல்லாம் உங்கள் வீட்டிலும் அன்றாடம் நடப்பதுதான், அதையெல்லாம் விளக்கப்போவதில்லை. சுகர் கதையை மட்டும் சொல்கிறேன்.

மகனுக்கு 12 வயது. பல மாதமாக எடை 28 கிலோவிலேயே நின்றது. சாப்பாட்டில் குறை இல்லை, க்ரியானும் தவறவில்லை, சளியும் அப்போது கட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை பிஎஃப்டி (நுரையீரல் திறன் டெஸ்ட்) எடுக்கும்போதும் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திருச்சியில் வழக்கமாகக் காட்டும் டாக்டர் வெறும் வயிற்று சுகரும், சுமார் மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் பார்த்தார். 88, 5.4. "சுகரெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

வேலூரில் பார்க்கும் நுரையீரல் டாக்டர் அந்தச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டார். நம் பிள்ளைகளுக்கு ஹெச்பிஏ1சியை நம்பக் கூடாதாம். உடம்பில் ஓயாமல் இருக்கும் அழற்சியால் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறிவிடுகின்றன. அதில் சர்க்கரை ஒட்டுவதற்கு நேரம் போதாததால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். வெறும் வயிற்று அளவும் ரொம்ப நாள் ஒழுங்காகவே இருக்கும். கெட்டியான சுரப்பு கணையக் குழாய்களை அடைத்து, தழும்பாக்கி, இன்சுலின் சுரக்கும் செல்களையும் சேர்த்துக் கெடுக்கிறது. மிச்சம் இருக்கும் இன்சுலின் இரவு முழுக்க சமாளித்துவிடும், சாப்பிட்டதும்தான் திணறும். எனவே குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் ஜிடிடி ஒன்றுதான் வழி. 10 வயது ஆனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதை எடுக்க வேண்டும் என்று 2010லேயே அமெரிக்க வழிகாட்டி வந்திருக்கிறது. நாங்கள் வேலூருக்கு மாறும் முன் பார்த்த இடத்தில் ஒருவர்கூட அதை வாயில் எடுக்கவில்லை.

சரி, ஒரு டெஸ்ட்தானே, ஊரிலேயே எடுத்துவிடலாம் என்று வந்தோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. லேப்புக்குப் போன் செய்து ஜிடிடி என்றதும், "சாப்பிட்டே வரலாம் மேடம்" என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, அவனை வெறும் வயிற்றிலேயே கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். பக்கத்தில் முகக்கவசத்தோடு நிற்கும் பையனுக்குத்தான் டெஸ்ட் என்றேன். "ஜிடிடின்னா இது ஒண்ணுதான் இருக்கு" என்று கர்ப்பிணிகளுக்கான டெஸ்டுக்கே பில் போட்டுவிட்டார். அதில் வெறும் வயிற்று ரத்தம் கிடையாது, 75 கிராம் பாக்கெட் முழுவதையும் குடிக்க வேண்டும், 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம். நான் எவ்வளவு சொல்லியும் மேலே யாரையும் கூப்பிட மறுத்துவிட்டார். அந்தப் பாக்கெட்டைக் குடித்துவிட்டு, இருமிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே அவன் 2 மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கிருமிக்கும் பயந்து பயந்து வளர்க்கும் பிள்ளை.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், டாக்டர் ஏற்கவில்லை. 28 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 1.75 கிராம் கணக்கில் 49 கிராம்தான் கொடுத்திருக்க வேண்டும். 75 என்பது பெரியவர்களுக்கான உச்ச அளவு. பணமும் போச்சு, பையன் பட்டினி கிடந்ததும் வீண். மறுபடி எடுக்கலாம் என்றால் அதற்குள் சளி பிடித்து, ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதினார்கள். ஸ்டீராய்டு போகும்போதும் தொற்று இருக்கும்போதும் சுகர் ஏறும், அப்போது ஜிடிடி எடுத்தால் பயனில்லை. குணமாகி, அவன் பழைய நிலைக்கு வரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

இந்த முறை டாக்டரிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் இதைத் தயவுசெய்து செய்யுங்கள். கர்ப்பகால ஜிடிடி அல்ல என்பது முதல் வரி. பிறகு பிள்ளையின் எடை, அதற்கான குளுக்கோஸ் கிராம் கணக்கு, வெறும் வயிற்றில், 1 மணி, 2 மணி என்று மூன்று ரத்தம், மூன்றும் சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு டியூபில். அந்த டியூபில் எடுக்காவிட்டால், மெஷினுக்குப் போகும் முன்பே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை குறைந்துவிடும். கடைசி வரியில் தொற்று அபாயம் இருப்பதால் தனியாக உட்கார இடம் தரவும் என்று இருந்தது. வேறொரு லேபில் முந்தின நாளே சூப்பர்வைசரைப் பார்த்து இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். நல்ல மனிதர். முதல் டோக்கன் கொடுத்தார், ஈசிஜி அறையைத் திறந்துவிட்டார், மூன்று தடவை குத்தாமல் ஒரே வென்ஃப்ளானில் (நரம்பில் விட்டுவைக்கும் ஊசிக்குழாய்) ரத்தம் எடுக்கச் சொன்னார்.

குளுக்கோஸைச் சில்லென்ற தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொண்டு போனால் குமட்டல் குறைகிறது. 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், குடிக்க ஆரம்பித்த நேரத்தை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். வாந்தி எடுத்தால் டெஸ்ட் செல்லாது. பிசியோவைக் காலையில் வீட்டிலேயே முடித்துவிடுங்கள், நடுவில் ஓடியாடக் கூடாது. வெறும் குளுக்கோஸ் தண்ணீர் என்பதால் க்ரியான் தேவையில்லை.

ரிப்போர்ட் வந்தது: வெறும் வயிற்றில் 88, 1 மணியில் 236, 2 மணியில் 212. இரண்டாம் மணியில் 200ஐத் தாண்டினாலே சர்க்கரை நோய் என்று கணக்கு. வீட்டில் மீட்டரில் பார்த்ததும் அதையே சொன்னது. அத்தனை மாதம் எடை ஏறாததற்கும் பிஎஃப்டி இறங்கியதற்கும் காரணம் அன்றுதான் தெரிந்தது.

இதைவிடக் கோபம் வந்தது அப்புறம்தான். இன்சுலின் பேனா போடக் கற்றுக்கொள்ள ஒரு சர்க்கரை கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே டயட்டீஷியன் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். நெய் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஆடை நீக்கிய பால், சோறு ஒரு கப். வெளியே வந்ததும் பையன், "இனிமே நெய் தோசை கிடையாதாம்மா?" என்று கேட்டான். சாதாரணப் பிள்ளையைவிட அதிகக் கலோரி சேர்த்தால்தான் இவர்களுக்கு நுரையீரல் தாங்கும். அந்தத் தாளை அப்படியே கடைப்பிடித்திருந்தால் என் பிள்ளை எலும்பாகியிருப்பான். வேலூருக்குப் போன் போட்டேன். சாப்பாட்டை ஒரு பருக்கைகூடக் குறைக்க வேண்டாம், சாப்பிடுவதற்குத் தக்கபடி இன்சுலினைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். குளிர்பானம் போன்ற வெறும் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம். அன்று ராத்திரியே நெய் தோசை ஊற்றினேன்.

மீட்டர், சென்சார் பற்றிச் சில விஷயங்கள். பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் 300 காட்டிப் பயமுறுத்தும். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கையில் ஒட்டிவிட்டால் தொடர்ந்து சுகர் காட்டும் லிப்ரே சென்சார் 14 நாள் ஓட வேண்டும், ஆனால் நம் பிள்ளைகளின் உப்பு வியர்வையில், அதுவும் திருச்சி வெயிலில், ஓரம் பெயர்ந்துவிடுகிறது. தோலை நன்றாகக் காயவைத்து ஒட்டி, மேலே மைக்ரோபோர் டேப் போடுகிறேன். கையை அழுத்திப் படுத்தால் நடுராத்திரி பொய்யாகக் குறைவு காட்டும். அப்போது சர்க்கரை கொடுக்கும் முன் விரலில் ஒரு முறை பாருங்கள். வைட்டமின் சி அதிகமாகக் கொடுத்தால் லிப்ரே கூடுதலாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நரம்பு வழி ஆன்டிபயாட்டிக்குக்காக அட்மிட் ஆனால், சுகர் இன்னும் வராத பிள்ளையாக இருந்தாலும், முதல் 2 நாள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். வார்டில் யாரும் தானாகச் செய்யவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன், டியூட்டி டாக்டர் உடனே சார்ட்டில் எழுதினார்.

அவனுக்கு இனி வருஷாந்திர ஜிடிடி தேவையில்லை. இன்சுலின் ஆரம்பித்த பிறகு எடை 31 கிலோவைத் தொட்டது. போன செக்கப்பில் அதற்கேற்ப க்ரியான் அளவையும் கூட்டியிருக்கிறார்கள்.