பரங்கிமலை ஸ்டேஷன்

நேற்று பரங்கிமலையில் இறங்கியதும், இடம் மாறி இறங்கிவிட்டேனோ என்று பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ரயில்வேயின் அம்ரித் பாரத் திட்டத்தில் ஸ்டேஷனைப் புதுப்பித்து 2025 மே 22-இல் திறந்தார்கள். பக்கத்தில் தலைக்கு மேலே மெட்ரோ வேறு.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல், மீட்டர் கேஜ் என்னும் குறுகிய தண்டவாளத்தில். நான் போய்வந்ததும் அதில்தான். அகலம் குறைந்த பெட்டி. எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். 2004 ஜூலையோடு அந்த மீட்டர் கேஜ் ரயிலும் போனது. கெட்டி அட்டை டிக்கெட்டை இயந்திரத்தில் செருகித் தேதி குத்தும்போது கேட்கும் அந்த 'டக்' சத்தம் இருக்கிறதே! இப்போது எல்லாம் கைப்பேசியில். வசதிதான், சரி. யாரிடமாவது பழைய அட்டை டிக்கெட் பத்திரமாக இருந்தால் கமெண்டில் படம் போடுங்களேன்.