பிரீமியம் ஏன் ஏறுகிறது? நாமே பார்க்கலாம்

அமெரிக்காவில் கம்பெனி வேலையில் இருக்கும்வரை மருத்துவக் காப்பீட்டின் முழு விலை கண்ணில் படாது. சம்பளத்தில் பிடிப்பது போக மீதியை கம்பெனி கட்டிவிடும். சொந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்தக் கணக்கு தெரிந்தது. நாங்கள் இருப்பது ஓரிகனில், போர்ட்லாந்து பக்கம். வருடக் கடைசியில் கட்டண உயர்வுக் கடிதம் வரும். நம்மவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டுக் கட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் வரும்போது முடிவு எடுத்தாகிவிட்டது. நிறுவனங்களின் கட்டணத் தாக்கலைப் பார்க்க வேண்டிய காலம் மே, ஜூன். 2010-இல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, தனிநபர் திட்டத்துக்கும் சிறு நிறுவனத் திட்டத்துக்கும் கட்டணத்தை ஏற்ற விரும்பும் நிறுவனம் காரணத்தை எழுதித் தாக்கல் செய்தாக வேண்டும். ஓரிகனில் காப்பீட்டைக் கண்காணிக்கும் மாநில ஒழுங்குமுறைத் துறை அந்தத் தாக்கல்களைப் பொதுவில் வைக்கிறது, விசாரணை நடத்துகிறது, மக்களின் கருத்தைக் கேட்கிறது, கோடை முடிவதற்குள் கட்டணத்தை உறுதி செய்கிறது. நவம்பர் 1-ஆம் தேதிதான் தனிநபர் திட்டம் தேர்ந்தெடுக்கும் காலமே தொடங்குகிறது.

மற்ற மாநிலத்தவர்கள் ஹெல்த்கேர்.கவ் தளத்தின் ரேட் ரிவ்யூ பக்கத்தில் மாநிலத்தையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். காப்பீட்டுத் தாக்கல்களைத் தேட ‘செர்ஃப்’ என்ற பொதுத் தளமும் பல மாநிலங்களில் உண்டு. அதில் கட்டணத் தாக்கல் தனி, பாலிசி வாசகத் தாக்கல் தனி. எது கவர் ஆகும், எது ஆகாது என்று பார்க்க இரண்டாவதைத் திறக்க வேண்டும்.

கேட்டரிங் நடத்தும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னபோது, “அதெல்லாம் ஆபீஸ்காரங்க படிக்கிறது தம்பி, நமக்கு எங்க புரியப்போகுது?” என்றார். அவருடைய ஊழியர்களுக்கான திட்டத்தையே எடுத்துக் காட்டினேன். கட்டணத்தைக் கணக்கிடும் கணிப்பாளரின் நீண்ட அறிக்கையை ஒதுக்கிவிட்டு, வாடிக்கையாளருக்கென்று எழுதிய சிறு விளக்கத்தை மட்டும் திறந்தோம். மருத்துவச் செலவு இவ்வளவு ஏறும், மருந்து இவ்வளவு, நிர்வாகம் இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருந்தது. தினமும் வரவு செலவு எழுதுகிறவர் அல்லவா, விரல் நேராக நிர்வாகச் செலவில் போய் நின்றது. “இது ஏன் போன வருஷத்தைவிடக் கூட?” என்றார். அதிகாரிகளும் அதைத்தான் கேட்கிறார்கள்.

தாக்கலின் தலைப்பில் போடும் உயர்வுச் சதவீதம் சராசரி என்பதை மறக்க வேண்டாம். அதே நிறுவனத்தில் ஒரு திட்டம் லேசாக ஏறும், இன்னொன்று எகிறும். வயதும் சேரும்: இங்கே 64 வயதுக்காரருக்கு 21 வயதுக்காரரைவிட மூன்று மடங்கு வரை கட்டணம். அப்பா அம்மாவை கிரீன் கார்டில் அழைத்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வசூலித்த பிரீமியத்தில் 80 சதவீதமாவது சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் போக வேண்டும், குறைந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் இந்தத் திட்டங்களுக்கு உண்டு.

பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அந்தத் திட்டங்கள் இதில் வராது, அங்கே எச்.ஆரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கா அந்த நிர்வாகச் செலவுக் கேள்வியை நாலு வரியில் எழுதி, கருத்துக் கேட்கும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார். பெயரும் கேள்வியும் போதும், வக்கீல் தேவையில்லை.