எல்பிஎஸ்ஸுக்கு அசையாத செல்கள்

ஜனவரி 8

இன்று இரண்டு வகைச் சுண்டெலிகளின் தொடை எலும்பிலிருந்தும் மஜ்ஜை எடுத்தாயிற்று. எலும்பின் இரு முனைகளையும் வெட்டி ஊசியால் திரவத்தைப் பீய்ச்சினால், சிவப்புத் திரி போல மஜ்ஜை வெளியே வந்து விழும். அதைக் கலைத்து, மஜ்ஜை செல்களை மேக்ரோபேஜ்களாக வளர்க்கும் எம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டோம். ஒரு வாரத்தில் மேக்ரோபேஜ்கள் தயாராகிவிடும். கிருமியை விழுங்குவதும், ஆபத்து வந்திருப்பதை மற்ற செல்களுக்கு அறிவிப்பதும் இவற்றின் வேலை.

ஒரு வகை சி3ஹெச்/ஹெச்இஎன், இயல்பானது. இன்னொன்று சி3ஹெச்/ஹெச்இஜே, பாக்டீரியாவின் எல்பிஎஸ்ஸுக்கு அசையாதது. கூண்டு அட்டையைப் பார்க்காமல் எது எதுவென்று சொல்லவே முடியாது.

ஜனவரி 10

செல்கள் வளரட்டும் என்று பழைய கட்டுரைகளை எடுத்து உட்கார்ந்தேன். எல்பிஎஸ் என்பது கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள். மற்ற எலிகளைக் கொன்றுவிடும் அளவு கொடுத்தாலும் ஹெச்இஜே எலிகள் தாங்கிக்கொள்வதை 1960களிலேயே பார்த்துவிட்டார்கள். காரணம் பிடிபட 1998 வரை ஆயிற்று. புரூஸ் பாய்ட்லரின் குழு 4ஆவது குரோமோசோமில் தேடித் தேடி எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பிப் புரதத்துக்கான டிஎல்ஆர்4 மரபணுவுக்கு வந்து சேர்ந்தது. டிஎன்ஏவில் சி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஏ. அதனால் புரதத்தின் 712ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின். அவ்வளவுதான் மாற்றம். 2011 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்ததும் இந்த வழியில்தான்.

என்னை மிகவும் கவர்ந்தது அந்த 712 இருக்கும் இடம். அது செல்லின் உட்புறம். ஏற்பியின் வெளிப்பகுதியில் எந்தக் கோளாறும் இல்லை. வந்த செய்தியை உள்ளே மைடி88 போன்ற புரதங்களிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

ஜனவரி 13

மீடியம் மாற்றினேன். செல்கள் தட்டின் அடியில் நன்றாக ஒட்டியிருக்கின்றன.

ஜனவரி 15

எல்பிஎஸ் கொடுத்தோம், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். சீனியர் அக்கா குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தார். "சாதாரண எல்பிஎஸ்ல பாக்டீரியாவோட லிப்போபுரதம் கலந்திருக்கும். அது டிஎல்ஆர்2ங்கிற வேற ஏற்பி வழியா செல்லைத் தூண்டிடும். ஹெச்இஜேயும் பதில் சொல்ற மாதிரி தெரியும், ஏமாந்துடுவோம்" என்றார். ஆகவே பீனால் கொண்டு மறுபடி சுத்திகரித்ததைத்தான் பயன்படுத்துகிறோம். தனிக் குழிகளில், டிஎல்ஆர்2-ஐ வேண்டுமென்றே தூண்டும் செயற்கை லிப்போபெப்டைடும் போட்டிருக்கிறோம்.

ஜனவரி 16

ஆபத்தை அறிவிக்க மேக்ரோபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை அளக்க எலிசா; புரதம் இருந்தால் நிறம் மாறும் சோதனை இது. நிறமூட்டியை ஊற்றியதும் ஹெச்இஎன் வரிசை மெல்ல நீலமாகி, அமிலம் விட்டவுடன் பளிச்சென்று மஞ்சளானது. ஹெச்இஜே வரிசை தண்ணீர் மாதிரியே நின்றது. ஆனால் லிப்போபெப்டைடு போட்ட குழிகளில் இரண்டு வகையும் மஞ்சள்! எனக்கு இந்தக் கடைசி வரிசைதான் முக்கியம். ஹெச்இஜே செல்கள் நோயுற்ற செல்கள் இல்லை. டிஎன்எஃப் சுரக்கும் திறமை அப்படியே இருக்கிறது; எல்பிஎஸ் என்ற ஒரு சேதி மட்டும் அவற்றுக்குப் போய்ச் சேரவில்லை.

ஜனவரி 18

எல்பிஎஸ் ஊசியில் தப்பிக்கிற இதே எலி, உயிருள்ள சால்மோனெல்லா உள்ளே நுழைந்தால் சீக்கிரம் இறந்துவிடுகிறது. எல்பிஎஸ் தரும் அதிர்ச்சியில் எலியைக் கொல்வதும் டிஎன்எஃப் தூண்டும் அழற்சிதான், ஆரம்பத்திலேயே கிருமியை மடக்குவதும் அதே அழற்சிதான். டிஎல்ஆர்4-ஐ மருந்தால் அடைத்துவிட்டால் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் கட்டுமீறிப் பதில் தரும் ஆபத்தான நிலை) தீர்ந்துவிடும் என்று யாராவது எளிதாகப் பேசும்போது இந்த எலிதான் என் நினைவுக்கு வரும்.

அடுத்து, இரண்டு வகையும் கலந்து பிறந்த எலிகள். அவற்றில் டிஎல்ஆர்4 மரபணுவின் ஒரு பிரதி நல்லது, ஒன்று மாறியது. ஒப்பிட இன்னொரு வகை உண்டு: சி57பிஎல்/10எஸ்சிசிஆர் எலியில் டிஎல்ஆர்4 மரபணுவே இல்லை. அந்தக் குறையை ஒரு நல்ல பிரதி ஈடுகட்டிவிடும். ஹெச்இஜே பிரதி அப்படி விடாது, பக்கத்தில் இருக்கும் நல்ல ஏற்பியின் வேலையையும் கெடுக்கும். ஏற்பிகள் ஜோடி சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதால் இப்படி. எவ்வளவு டிஎன்எஃப் குறைகிறது என்று நம் கையாலேயே அளந்து பார்த்துவிட வேண்டும்.