வெளிய எப்படி இருந்துச்சு, தம்பி?

2017 ஆடி மாதம் சைதாப்பேட்டையில் ஓர் அம்மன் கோயில் தெருவில் மெல்லிசைக் கச்சேரி முடிந்து நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அக்கார்டியன் வாசிக்கும் அண்ணன் மிக்சர் மேசைக்கு அருகில் வந்து நின்று கேட்ட கேள்வி இது. "நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ நின்றிருந்த பக்கம் போனார். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அன்று மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை அவர் வாசித்ததில் ஒரு சுரம்கூட ஒலிபெருக்கி வழியாக வெளியே போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

ஒலி அமைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மிக்சரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சானல், அதற்கு ஒரு ஃபேடர். ஃபேடரை ஏற்றினால் அந்த வாத்தியம் கூட்டத்துக்குக் கேட்கும், இறக்கினால் கேட்காது. வாசிப்பவரின் காலருகே இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியோ பெரும்பாலும் ஃபேடருக்கு முன்பே பிரிந்துவிடும். ஆகவே ஃபேடர் அடியில் கிடந்தாலும் வாசிப்பவருக்குத் தம் வாத்தியம் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். மேடையில் இருப்பவரும் கூட்டத்தில் இருப்பவரும் தத்தமக்குத் தேவையானதைக் கேட்கட்டும் என்று செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைத்தான் அன்று நான் பயன்படுத்தினேன்.

அப்படிச் செய்யச் சொன்னவர் அந்த மெல்லிசைக் குழுவை நடத்தியவர். கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நேரத்தில் தோளில் கைபோட்டு என்னை ஓரமாக அழைத்துப் போய், "அக்கார்டியன வெளிய விடாதப்பா. அவருக்கு மானிட்டர்ல மட்டும் குடு. நாப்பது வருஷமா கூட வந்தவரு, வர வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். அவர் குரலில் இருந்தது வெறுப்போ அலட்சியமோ இல்லை. அப்போது அந்தக் குழுவில் மீதமிருந்தவர்கள் ஆறு பேர். மற்ற வாத்தியங்களெல்லாம் ஒரு லேப்டாப்பிலிருந்து, முன்பே பதிந்துவைத்த டிராக்காக வந்தன. அந்த டிராக்குகளில் அக்கார்டியனும் இருந்தது, யாரோ கீபோர்டில் வாசித்தது. அண்ணனின் அக்கார்டியனோ சுருதியில் சற்று இறங்கியிருந்தது. கீபோர்டாக இருந்தால் ஒரு பொத்தானில் சரிசெய்துவிடலாம். அக்கார்டியனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி ரீட், அதாவது அதிர்ந்து ஒலிக்கும் எஃகு நாக்கு, மெழுகு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். சென்னையின் உப்புக் காற்றில் அது துருப்பிடிக்கும், வெயிலில் மெழுகு இளகும். சுருதி சேர்க்க வேண்டுமென்றால் பெட்டியைப் பிரித்து ரீட்டை ஒவ்வொன்றாக அரத்தால் ராவ வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, செலவும் அதிகம். டிராக்கும் அவரும் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் மோதி அலையலையாகக் கேட்கும். சவுண்ட் செக்கில் அதை என் காதால் கேட்டேன். குழுத் தலைவர் சொன்னது சரி என்றே அப்போது எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் நான் எனக்காக வாதாடிக்கொள்வது வழக்கம். கூட்டத்தின் காதுக்குப் பொறுப்பு நான். சம்பளம் கொடுப்பவர் சொன்னதைச் செய்தேன். சுருதி விலகி ஒலித்திருந்தால் யாராவது கைபேசியில் எடுத்துப் பரப்பியிருப்பார்கள், அந்த அவமானம் அவரைத்தான் சேர்ந்திருக்கும். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று பாடிய பாடல்களில் இரண்டுக்கு டிராக் கிடையாது. தபலா, கிட்டார், கீபோர்டு, அக்கார்டியன் மட்டும் வைத்து வாசித்தார்கள். கீபோர்டின் சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, அந்த இரண்டு பாடல்களுக்காவது ஃபேடரை ஏற்றியிருக்கலாம். குழுத் தலைவர் அதைத் தடுத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், அவர் கவலையெல்லாம் டிராக்கோடு மோதக் கூடாது என்பதே. என் விரல் அந்த ஃபேடரின் மேல் இருந்தது. ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று யோசித்தால், சொல்லப்பட்ட ஒரு வேலையை இரண்டு பாடலுக்கு மாற்றிவிட்டு மறுபடி பழையபடி வைக்க வேண்டுமே என்ற சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்தது 1996இல், கேபிள் தூக்கும் பையனாக. அந்தக் குழுவின் மேடையில் அப்போது பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான்கு வயலின், புல்லாங்குழல், டிரம்பெட், சாக்சபோன், டிரம்ஸ், டிரிபிள் காங்கோ, பாங்கோஸ், தபலா, டோலக், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், கீபோர்டு, அக்கார்டியன், பாடகர்கள். பெரும்பாலும் எம்.எஸ்.வி. பாடல்களும் இளையராஜா பாடல்களும். இசைத்தட்டையும் கேசட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு, இடையிசையை ஒரு சுரம் பிசகாமல் நோட்டில் எழுதிவைத்திருப்பார்கள். புல்லாங்குழல்காரர் பாடலின் முகப்பிசையை ஆரம்பித்ததுமே, பாட்டு எதுவென்று தெரிந்துகொண்ட கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் பாடகருக்கு உரியதன்று, அந்த வாத்தியக்காரருக்கே உரியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்தக் கைதட்டல் வருவதில்லை, அல்லது வந்தாலும் லேப்டாப்புக்கு வருகிறது.

அக்கார்டியனுக்கு மைக் வைக்கக் கற்றுக்கொடுத்தவரே அந்த அண்ணன்தான். வலப்பக்கக் கட்டைகளுக்கு ஒரு மைக், இடப்பக்கப் பொத்தான்களுக்கு ஒரு மைக். துருத்தியோடு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்துக் கோணம் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒலி வந்து வந்து போகும். முதல் நாள் நான் தவறாக வைத்ததைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் காலால் ஸ்டாண்டை நகர்த்திவைத்து எனக்குக் கண்ணைக் காட்டினார். முதலாளி முன்னால் என்னைத் திட்டவில்லை. அந்த இரண்டு மைக்குகளையும் 2017இலும் அதே கோணத்தில்தான் வைத்தேன். ஒலியை வெளியே விடப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் அவ்வளவு கவனமாக வைத்தேன். அது மரியாதையா, ஏமாற்றை முழுமையாகச் செய்யும் முயற்சியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மெல்லிசைக் குழுக்கள் ஒரே நாளில் மறையவில்லை. பல தாள வாத்தியங்களின் ஒலியைத் தட்டி எழுப்பும் மின்னணுக் கருவியான ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டபேட் 1985இல் வந்தது. அது இங்கே பரவப் பரவ, மேடையில் நான்கு தாளக்காரர்கள் இருந்த இடத்துக்கு ஒருவர் போதும் என்றாயிற்று. வயலின் நால்வரின் இடத்தைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது. இரவு ஒரு மணி வரை நடந்த கச்சேரிகளைப் பத்து மணிக்கு முடிக்க வேண்டியதாயிற்று. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005இல் உறுதிப்படுத்தியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தெருக்களில் நோயாளிகளும் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் ஐந்து மணி நேரக் கச்சேரியில் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் ஒரு பாட்டாவது தனியாகக் கிடைக்கும். மூன்று மணி நேரத்தில் அந்த இடம் சுருங்கிவிட்டது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஒரு காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்தார்கள் என்பதைத் தமிழ்நாடே சொல்லிச் சொல்லி மகிழ்கிறது. மகிழ வேண்டியதுதான். அண்ணன் தேசிய கீதம் தவிர எல்லாப் பாட்டையும் வாசித்திருப்பதாகச் சொல்வார், கல்யாணத்தில், கோயிலில், தீவுத்திடல் பொருட்காட்சியில், கட்சிக் கூட்டத்துக்கு முன்பு. அவர் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை.

அந்தக் கடைசிப் பாட்டைச் சொல்ல வேண்டும். மணி ஒன்பது ஐம்பது. காவலர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேடை ஓரம் நின்றிருந்தார். இரண்டாம் இடையிசைக்குச் சற்று முன்பு அண்ணன் துருத்தியை மூடி, அதைப் பூட்டும் வாரை மாட்டினார். இரண்டு கைகளையும் அக்கார்டியனின் மேல் வைத்துக்கொண்டார். இடையிசை வந்தது. தெரு முழுவதும் அக்கார்டியன் ஒலித்தது. அவர் கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக நேராக மிக்சரைப் பார்த்தார். நான் குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டி பத்துக் கிலோவுக்குக் குறையாது. அவருக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. ஆகவே தோள் வலித்து நிறுத்தியிருக்கலாம் என்று பல வருடங்கள் எனக்குள் சொல்லிக்கொண்டேன். தோள் வலிக்காக நிறுத்துகிறவர் வாரைப் பூட்டமாட்டார் என்பது எனக்குத் தெரியாதா? அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் வந்து கேட்டார். அப்படியானால் அந்தக் கேள்வி எதற்கு? உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா, நான் பொய் சொல்லி இருவரும் கௌரவமாகப் பிரிந்துபோக ஒரு வழி காட்டினாரா? முதல் நாள் காலால் ஸ்டாண்டை நகர்த்திவைத்த மனிதர் இரண்டாவதைத்தான் செய்திருப்பார் என்று சில நாட்கள் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்குகிறேன் என்பதாலேயே அந்த விளக்கத்தை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் குழு மேடை ஏறவில்லை. இதுதான் கடைசி என்று யாரும் அறிவிக்கவும் இல்லை, ஒருவருக்கொருவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நான் இந்த வேலையில் தொடர்கிறேன். இந்த வருடத் தை மாதத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், டிராக்கோடு சேராத ஒரு வயலினின் ஃபேடரை அதே போல இறக்கிவைத்தேன். வாசித்த பெண்ணிடம் சொல்லவில்லை. இவ்வளவு யோசித்த பிறகும் அதைத்தான் செய்தேன், அடுத்த முறை வேறு மாதிரி செய்வேன் என்று உறுதி சொல்லவும் என்னால் முடியவில்லை.

அண்ணன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அவர் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, அப்பா கடைசியா வாசிச்ச ப்ரோக்ராம நீங்க ரெக்கார்ட் பண்ணீங்களாமே? எங்ககிட்ட அவர் வாசிச்சது எதுவுமே இல்ல" என்றார். பதிவு செய்தேன் என்பது உண்மை. அன்று என்னிடம் இருந்தது பெரிங்கர் எக்ஸ்32 மிக்சர். லேப்டாப்பை இணைத்திருந்தால் 32 சானல்களையும் தனித்தனியாகப் பதிந்திருக்கலாம், ஃபேடர் அடியில் கிடந்தாலும் அவர் வாசிப்பு முழுதாகக் கிடைத்திருக்கும். நான் பென் டிரைவைச் செருகி, வெளியே போகும் ஒலியை மட்டும் பதிந்தேன். அதில் இருக்கும் அக்கார்டியன், பெயர் தெரியாத யாரோ கீபோர்டில் வாசித்தது. அதை அப்பா வாசித்தது என்று அந்தப் பெண்ணிடம் கொடுப்பதா?

பதில் சொல்லாமல் இரண்டு இரவுகள் ஹெட்போன் வைத்து மூன்று மணி நேரத்தையும் கேட்டேன். டிராக் இல்லாத முதல் பாட்டில், பாடகி இரண்டாம் சரணத்துக்குக் காத்திருக்கும் இடத்தில், அவருடைய மைக் திறந்தே இருக்கிறது. அவருக்குப் பின்னால்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கீபோர்டுக்கும் தபலாவுக்கும் அடியில், மிகத் தொலைவிலிருந்து வருவது போல, அந்த மைக்கின் வழியாக அக்கார்டியன் கசிகிறது. பதினோரு விநாடி. கீபோர்டைவிடச் சற்று இறங்கிய சுருதி. இரண்டும் சேர்ந்து மெல்ல அலைகின்றன. அக்கார்டியனில் ஒரே சுரத்துக்கு இரண்டு ரீட் வைத்து, வேண்டுமென்றே ஒன்றைச் சற்று விலக்கிச் சுருதி சேர்ப்பார்கள், அந்த அலைதான் அதன் அழகு என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். இது அந்த அலையன்று, துருவால் வந்தது. எனக்கு அது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பென் டிரைவில் கச்சேரி முழுவதையும் ஏற்றிவைத்திருக்கிறேன். அந்த இடம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்தும் வைத்திருக்கிறேன். தாளைக் கொடுத்தால், ஏன் அங்கே மட்டும் என்று அவர் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.