27.4 லிட்டர் எப்படி வந்தது?

ஒரு மோல் வாயு (மோல் என்பது பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு), 0 டிகிரி செல்சியஸிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் 22.4 லிட்டர் இடம் பிடிக்கும் என்று பள்ளியிலேயே மனப்பாடம். ஜோகன்னஸ்பர்க்கில் முதலாண்டு ஆய்வகத்தில், மக்னீசியமும் அமிலமும் சேர்ந்து தரும் ஹைட்ரஜனை அளந்து அதைச் சோதித்தபோது எனக்குக் கிடைத்த விடை 27.4.

மக்னீசியம் நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். ஆக்சைடு படிந்திருந்தால் எடையை நம்ப முடியாது. 0.032 கிராம் நிறுத்து, செம்புக் கம்பியால் கூடு போலச் சுற்றினேன். 50 மில்லி அளவுகுழாயில் அடியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன்மேல் கலங்காமல் மெதுவாகத் தண்ணீர். கூட்டை வாயருகே செருகி, துளையிட்ட அடைப்பான் போட்டு, தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்ததும் அடர்த்தி கூடிய அமிலம் தானே இறங்கி மக்னீசியத்தைத் தொட்டது. ஹைட்ரஜன் சரம் சரமாக மேலேறியது. அந்தக் காட்சியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்!

முதல் தடவை கம்பியைத் தளர்வாகச் சுற்றிவிட்டேன். ஒரு துணுக்கு நழுவி மேலே போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கினேன்.

குழாய் ஆறும்வரை காத்திருந்து, உயரமான ஜாடியில் இறக்கி, உள்ளும் வெளியும் நீர்மட்டத்தை ஒன்றாக்கினேன். 40.0 மில்லி, 22 டிகிரி. ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் நீராவியின் பங்காக அழுத்தத்திலிருந்து 2.6 கிலோபாஸ்கலையும் கழித்தாயிற்று. எங்கேயும் தவறு தெரியவில்லை. ஆனாலும் 27.4.

மதிய இடைவேளையில் டர்பனில் இருக்கும் அண்ணனை அழைத்தேன். அவரும் இதே சோதனையைச் செய்தவர்.

"அழுத்தம் எவ்வளவு போட்டே?"

"101.3 கிலோபாஸ்கல் அண்ணா. செய்முறைத் தாள்ல அச்சடிச்சிருந்தது."

"அது எங்க கடலோரத்துக் கணக்கும்மா. நீ எவ்வளவு உயரத்துல இருக்கே?"

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே. காற்றின் அழுத்தம் இங்கே குறைவு, அதனால் அதே அளவு ஹைட்ரஜன் அதிக இடம் பிடிக்கும். திரும்பி ஓடிப்போய்ச் சுவரிலிருந்த காற்றழுத்தமானியைப் பார்த்தேன்: 83.0 கிலோபாஸ்கல். நீராவியைக் கழித்தால் ஹைட்ரஜனுக்கு 80.4. அப்புறம் 0 டிகிரிக்கும் ஒரு வளிமண்டல அழுத்தமான 101.3-க்கும் மாற்றிக் கணக்குப் போட்டேன். 22.3 லிட்டர்!

இந்த ஊரில் அழுத்தத்தைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கவே கூடாது. மாணவர்தான் அளந்து எழுத வேண்டும். பக்கத்து மேசைத் தோழிக்கும் 27-க்கு மேல் வந்து, நாடாவை மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் தாளில் 101.3-ஐ அடித்துவிட்டு 83.0 என்று எழுதிக் கொடுத்தேன்.