அந்த ராத்திரி யாரை எழுப்புவது?

"சார், ராத்திரி என்னை ஏன் கூப்பிடல?"

கேட்டவர் என்னோடு வேலை செய்பவர். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். "தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்" என்றேன். பொய். நான் எழுப்பிய இன்னொருவரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் டேட்டாபேஸில் யாரோ, எதை அழிப்பது என்ற நிபந்தனை எழுதாமல் ஒரு டெலிட் கட்டளையை ஓட்டிவிட்டார்கள். ஆர்டர் டேபிள் காலி. ரெப்ளிகாவிலும் (உடனுக்குடன் நகலாகும் இன்னொரு சர்வர்) காலி, இங்கே அழிந்தது அங்கேயும் நொடியில் அழியும். (அதையே பேக்கப் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) முந்தைய இரவின் பேக்கப்பை ஏற்றி, அதன்மேல் பின்லாக்கை (binlog, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவு) டெலிட்டுக்கு முந்தைய நொடிவரை ஓட்டுவதுதான் வழி.

அந்த பேக்கப்பைத் தினமும் பார்ப்பவர், என்னிடம் கேள்வி கேட்ட இவர்தான். யாரும் சொல்லாமலே மாதம் ஒருமுறை சோதனை சர்வரில் ஏற்றியும் பார்ப்பார். ஆனால் எதையும் மூன்று தடவை சரிபார்ப்பார். நான் எழுப்பியவருக்குக் கை வேகம், பதற மாட்டார். 3 மணி நேரத்தில் எல்லாம் எழுந்துவிட்டது. பாராட்டி மெயிலும் போட்டேன்.

காலையில் வந்ததும் இந்த மீட்பைப் பற்றி இவர் ஒன்றுதான் கேட்டார். "டெலிட்டுக்கு அப்புறம் சிஸ்டம் எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

40 நிமிடம். டெலிட்டோடு நிறுத்திய பின்லாக்கை அதைத் தாண்டி மறுபடி ஓட்டியிருக்க வேண்டும், ஓட்டவில்லை. அந்த 40 நிமிட ஆர்டர்களைக் காணோம். அதற்குள் புது ஆர்டர்கள் அதே எண்களை எடுத்துக்கொண்டிருந்தன. பிரித்துச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. செய்தது இவர்தான்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இவரை எழுப்பியிருந்தால் மதியம்வரை ஆகியிருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மேலிடத்து போன் வந்துகொண்டிருந்தது. அவசரத்துக்கு வேகமான ஆள், அன்றாடத்துக்கு நிதானமான ஆள். இப்படித்தான் எல்லோரும் பிரிக்கிறோம்.

ஆனால் அன்று பதறியது நான். "பார்த்துக்கலாம் சார்" என்கிற குரல் எனக்குத் தேவைப்பட்டது. இவர் முதலில் நாலு கேள்வி கேட்பார் என்று தெரியும். அதைக் கேட்கும் தெம்பு எனக்கில்லை. அப்படியென்றால் நான் ஆள் தேர்ந்தெடுத்தது சர்வருக்கா, எனக்கா?

இரண்டு மாதம் கழித்து இன்னொரு ராத்திரி டிஸ்க் போனது. இதையெல்லாம் யோசித்து முடித்தவன்தான் நான். விரல் பழைய பெயருக்கே போனது. இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கலாம் என்பதே மறுநாள்தான் தோன்றியது.