சாலி குருக்ஷாங்க்கை ஆய்வுக்கு எடுத்தால்: அனிமேஷன் படிக்கும் ஜூனியர்களுக்கு

முதுகலை கடைசி செமஸ்டரில் ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட கலைஞர் சாலி குருக்ஷாங்க். 1949-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். ஸ்மித் கல்லூரியில் கலை படித்துவிட்டு, 1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். அனிமேஷனும் செய்வார், ஓவியமும் வரைவார். தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது இந்த மாதிரி தனி வழியில் போன ஒருவரை எடுப்பதாக இருந்தால், எனக்குக் கைகொடுத்த சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்த வாழ்க்கையையும் எழுதப் போனால் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும். நான் எடுத்தது 1975-ல் வந்த ‘க்வாசி அட் த க்வாக்கடேரோ’. பத்தே நிமிடப் படம். 2009-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கதை சின்னதுதான். எதிர்காலத்தில் ஒரு நாள், வாத்து மாதிரியான சோம்பேறி க்வாசியை அனிட்டாவும் ரோலோ என்கிற ரோபோவும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார்கள். அவனைத் தொலைத்துக்கட்டுவதுதான் அவர்கள் திட்டம். அந்தப் பூங்காவில் எல்லாமே காலத்தையும் மனதையும் வைத்து நடக்கும் விளையாட்டுகள். நேற்று ராத்திரி கண்ட கனவை இன்றைக்குப் பார்க்கலாம். கண்ணாடிகளில் உங்களையே வேறு வேறு வயதில் பார்க்கலாம். கடைசியில் காலத்தில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாக க்வாசி டைனோசர்களின் காலத்துக்குள் போய் விழுகிறான்.

பிறகு, அந்தப் படத்தை ஃப்ரேம் (ஓடும் படத்தில் உள்ள ஒரு அசையாப் படம்) ஃப்ரேமாகப் பாருங்கள். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு, கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் பின்னே வரும். படம் ஃபிலிமில் நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். பத்து நிமிடத்துக்கு 7,200. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே அந்த உழைப்பின் அளவு உறைக்கும். ஆனால் இணையத்தில் உள்ள பிரதி சில சமயம் நொடிக்கு 30 ஃப்ரேமாக மாறியிருக்கும், இடையில் ஒரே ஃப்ரேம் திரும்பத் திரும்ப வரும். அதைச் சரிபார்க்காமல் ‘இங்கே மூன்று ஃப்ரேம் நிறுத்தியிருக்கிறார்’ என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் வரும் கேள்வி: இதில் எதிர்ப்பண்பாடு, அதாவது 1960-70-களில் பழைய மரபுகளை மறுத்த இளைஞர்களின் கலகம், எங்கே இருக்கிறது? பெரும்பாலானவர்கள் நிறத்தைக் காட்டுவார்கள். கண்ணைப் பறிக்கும் கலர், வளைந்து நெளியும் வடிவம், ஆகவே சைகடெலிக் (போதை மயக்கத்தில் தெரிவது போன்ற காட்சி) என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. படத்தின் இசையைக் கேளுங்கள், அந்தக் கலகத்தோடு சேர்த்துப் பேசப்படும் ராக் இசை இல்லை. ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஆலன் டாட்ஜ் இருவரும் சேர்ந்து 1920-களின் நடன இசை மாதிரி வாசித்திருக்கிறார்கள். இருவருமே காமிக்ஸ் ஓவியர் ராபர்ட் க்ரம்பின் ‘சீப் சூட் செரனேடர்ஸ்’ இசைக் குழுக்காரர்கள். 1968-ல் ‘ஸாப் காமிக்ஸ்’ முதல் இதழை சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெருவில் விற்ற அதே க்ரம்ப்தான். உருவங்கள் ரப்பர் போல இழுபடுவதும், ஜடப்பொருள்கூட உயிரோடு துள்ளுவதும் 1930-களின் ஃப்ளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன்களிலிருந்து வருபவை. படத்தில் வரும் பூங்காவுக்குத் தூண்டுதல், சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் இயங்கி 1972-ல் மூடப்பட்ட பிளேலேண்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்கா. க்வாசிக்குக் குரல் கொடுத்தவர் அண்டர்கிரவுண்டு காமிக்ஸ் (பெரிய பதிப்பகங்களுக்கு வெளியே வந்த காமிக்ஸ்) ஓவியர் கிம் டைச்.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோதுதான் என் வாதம் கிடைத்தது. அந்தத் தலைமுறையின் கலகத்தில் பெரும்பகுதி பழையதைத் தேடிப் போனது. பெரிய ஸ்டுடியோக்களும் தொலைக்காட்சியும் கழித்துக் கட்டிய இசைத்தட்டு, கார்ட்டூன், பொருட்காட்சி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து மறுபடி உயிர் கொடுத்தார்கள். குருக்ஷாங்க் அதைக் காலப் பயணம் என்ற கதையாகவே ஆக்கிவிட்டார். இது எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

படம் எப்படி உருவானது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்னாசெல் ஃபிலிம்ஸ் என்ற விளம்பரப் பட நிறுவனத்தில் அவருக்கு வேலை. விளம்பர வேலை இல்லாத நேரத்தில் சொந்தப் பரிசோதனைகள் செய்ய முதலாளி இடம் கொடுத்தார். சம்பளமும் சுதந்திரமும் ஒரே இடத்தில் கிடைத்தது அவருக்கு வாய்த்த பெரிய நல்வாய்ப்பு.

எழுதுவதோடு நிற்காமல் ஒரு செல்லாவது (அனிமேஷன் ஓவியம் தீட்டும் ஒளி ஊடுருவும் தாள்) கையால் தீட்டிப் பாருங்கள், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். அதற்குப் பதிலாக ஸ்டேஷனரி கடையில் ஓஎச்பி ஷீட் (ஓவர்ஹெட் ப்ரொஜெக்டருக்கான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) கிடைக்கும். கோட்டை முன்பக்கம் மார்க்கரில் போட்டுவிட்டு, ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். போஸ்டர் கலர் காய்ந்ததும் உரியும், அக்ரிலிக் நிற்கும். பின்னாலிருந்து பூசுவதால் வரிசை தலைகீழ். கண்ணின் கருமணி, சட்டையின் புள்ளி மாதிரி சின்னவை முதலில், உடம்பின் பெரிய நிறம் கடைசியில். தாளில் ஓவியம் பழகியவர்களுக்குக் கை தயங்கும். ஆனால் அனிட்டாவின் உடையில் இருக்கும் அலங்காரம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முன்யோசனை வேண்டியிருந்தது என்று அப்போதுதான் புரியும். நான் தீட்டிய ஷீட்டை வைவாவுக்கு எடுத்துப்போனேன். தேர்வாளர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்விகள் எல்லாம் எனக்குப் பதில் தெரிந்தவை.

ஓவியப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு சூசன் பிட் இன்னும் பொருந்துவார். ஓவியம் படித்து அனிமேஷனுக்கு வந்தவர், 1979-ல் ‘அஸ்பாரகஸ்’ எடுத்தவர். பாலியல் படிமங்கள் நிறைந்த படம் என்பதால் முதலிலேயே கைடிடம் பேசிவிடுவது நல்லது. அதில் வரையப்பட்ட நாயகி, பொம்மைகளாகச் செய்த பார்வையாளர்கள் நிறைந்த அரங்குக்குள் வரும் காட்சி ஒன்று போதும், ஒரு அத்தியாயமே எழுதலாம்.

குருக்ஷாங்க் பின்னாளில் ‘செசமி ஸ்ட்ரீட்’டுக்குச் செய்த குறும்படத் துண்டுகளை நான் தொடவில்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிக்குள் அதே கிறுக்குத்தனத்தை எப்படிக் கொண்டுபோனார் என்று யாராவது எடுத்து எழுதினால், என் ஃப்ரேம் குறிப்புகளைத் தரத் தயாராக இருக்கிறேன்.